பொழுது சாய்ந்தபின் இறைக்காத கிணறு

செஞ்சி,
மே 1966

அன்பு நீலாஞ்சனா,

ஆமாம், கிணற்றுக் கயிற்றை உள்ளே எடுத்து வைத்தது நான்தான். உன் நைனா உனக்கு எழுதியது சரி; யார் வைத்தது என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார், என்னைக் காப்பாற்ற. மற்றபடி நானும் அவரும் சுகம், தில்லி வெயில் உன்னை அதிகம் வாட்டாமல் இருக்கட்டும். இங்கே மழை இல்லை. பகலில் வாங்கிய சூட்டை மலைப்பாறை விடிகிறவரை ஊர்மேல் விடுகிறது. தெருவில் நம் கிணற்றில் மட்டும்தான் தண்ணீர், அதுவும் அடியில். முதலில் எல்லாரும் வந்து எடுத்தார்கள், எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. பிறகு, எப்போது என்று தெரியவில்லை, அடுப்படியில் இருந்தபடியே உருளைச் சத்தத்துக்குக் காது கொடுக்கத் தொடங்கினேன். யார் இழுக்கிறார்கள், இது இரண்டாவது குடமா என்று.

போன வாரம் விளக்கு வைக்கிற நேரத்தில் பின்வீட்டு மாரியம்மாள் குடத்தோடு வந்தாள். பகலெல்லாம் கல் உடைக்கப் போகிறவள், அப்போதுதான் வர முடியும். மகள் ரத்தினம்மாள் பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிறாள். நான் கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "பொழுது சாஞ்சா எங்க கெணத்துல எறைக்கக் கூடாது மாரியம்மா, கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க செத்துப்பூடும்" என்றேன். இருட்டியபின் உண்பதில்லை என்பதுதான் நம் சமண நோன்பு. இறைக்கக் கூடாது என்று எந்தப் பெரியவரும் சொன்னதில்லை. அந்த நிமிடத்தில் நான் செய்த விதி அது. "போன வருசம் பூச்சி இல்லியா நைனாரம்மா?" என்று கேட்டாள், சிரித்துக்கொண்டேதான். "சரி, பூச்சிங்க நல்லா இருக்கட்டும். பச்சப்புள்ளதான, நாளைக்கிக் குளிச்சிக்கும்" என்று வெறும் குடத்தோடு போனாள். பிறகு வரவே இல்லை. வேலை முடித்துச் செட்டிக்குளம் வரை நடக்கிறாளாம்.

பஞ்சம் மனிதரை மாற்றிவிடும் என்று உன் படிப்பில் சொல்வதாக எழுதியிருந்தாய். அதற்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். என் கையை வறட்சி சுருக்கியது, இருக்கலாம். எதிர்வீட்டு ராஜம்மாளும் வைக்கோலைப் பூட்டித்தான் வைக்கிறாள். ஆனால் பொய்க்கு நம் தருமத்தை எடுத்துத் தந்தது வறட்சி இல்லை. தர மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம். அன்று காலையிலும் தண்ணீரை வடிகட்டி, துணியில் தங்கியதைக் கிணற்றிலேயே அலசி விட்டிருந்தேன். பூச்சிகள் பிழைக்கட்டும் என்று.

இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடு என்று எப்போதும் எழுதுவேன். இந்தத் தடவை அந்த வரிக்குக் கை வரவில்லை. வேளைக்குச் சாப்பிடு. அறையில் கூட இருப்பவள் சாப்பிட்டாளா என்றும் கேள். நைனாவுக்குத் தனியாகப் பதில் போட மறக்காதே. நோயில்லாமல், யாரிடமும் முகம் மறைக்க வேண்டாமல் நீ வாழவேண்டும்.

உன் அம்மா
ஜெயமாலா

பி.கு. கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. கயிற்றை எடுத்துப் போய் ஒரு குடம் இறைத்தேன், தெரு முழுக்க உருளைச் சத்தம் கேட்டது. மாரியம்மாள் வீட்டு வாசலில் நின்று, அன்று சொன்னது பொய் என்றேன். அவள் குடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கயிற்றை உருளையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.