டாக்டரண்ணன் ஊதிக் காட்டிய காலைகள்

என் பாசமுள்ள டாக்டரண்ணனுக்கு,

நேற்று நம் ஆஸ்பத்திரியில் உங்கள் படத்தை மாலை போட்டு மாட்டினார்கள். அதிலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைக் கண்டாலே அப்படித்தானே மூடிக்கொள்வீர்கள்?

குடியை விடும் சிகிச்சை முடிந்து மதுரையிலிருந்து நீங்கள் திரும்பிய அன்று பெரிய டாக்டர் என்னை அழைத்தார். "சிஸ்டர், தினமும் காலையில அவரை ஊதச் சொல்லிப் பாருங்க. வாடை இருந்தா நோயாளி பக்கம் விடாதீங்க. ஒரு வருசம் தேறினாத்தான் வேலை நிக்கும்" என்றார். நான் சாதாரண நர்ஸ். நீங்களோ கம்பம் ஊரிலேயே பேர்போன கைராசிக்காரர். உங்கள் வாயருகே மூக்கை நீட்ட எனக்குத்தான் வெட்கம்.

முதல் வாரமே ஏலக்காயை மென்றுகொண்டு வந்தீர்கள். வாடையை மறைத்துவிடும், கூடாது என்றேன். "ஏலக்காய் விக்கிற போடிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு ஏலக்காய் கூடாதா? இது என்னம்மா நியாயம்?" என்று கத்தினீர்கள். எனக்குச் சளி பிடித்த நாளில் ஆயா செல்லம்மாவை மோந்து பார்க்கச் சொன்னேன். "பூண்டுக் குழம்பு சாப்பிட்டிருக்காக, வேற ஒண்ணுமில்ல!" என்று வார்டுக்கே அறிவித்தாள்.

விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அப்போது இங்கே மதுவிலக்கு, குடிக்க மலையேறிக் கேரளத்துக் குமுளிக்குத்தான் போக வேண்டும். குமுளி பஸ் கண்டக்டர் உங்களுக்கு டிக்கெட்டே தரவில்லை. "எம் மக பிரசவத்தை நீங்கதான் பாக்கணும். இறங்குங்கய்யா" என்றாராம். "ஊரையே ஏவி விட்டீகளா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தீர்கள்.

அந்த மகளுக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது, ஆபரேஷன்தான். நீங்கள் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள்.

"வேணாம் தாயி. நேத்துக் குடிச்சிட்டேன். என்னை உள்ள விடாதீக. ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க, தேனிக்குக் கொண்டுபோவோம்."

வாடையே இல்லை, அண்ணே. நீங்கள் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. தேனி வரை அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தீர்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

உங்கள் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டேதான் பெரிய டாக்டரிடம் சொன்னேன். "தானா வந்து சொன்னாரா? அப்ப ஆள் தேறிருவாரு. வருசத்தை மறுபடி முதல்லருந்து ஆரம்பிங்க" என்றார்.

அந்த வருசம் முடிந்த பிறகும், ஓய்வுபெறும் வரை, தினமும் என் முன்னால் வந்து ஊதினீர்களே, ஏன்? கேலிக்கா? பயத்திலா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

இப்போது சின்ன டாக்டர் ஒருவர் சிகிச்சை முடித்து வந்திருக்கிறார். அவருக்குப் பழக்கம் வலிக்குப் போடும் போதை ஊசி. ஊசிக்கு ஏது வாடை? மருந்து அலமாரிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். முறைக்கிறார். முறைக்கட்டும். அவர் தேறும்வரை இந்தச் சாவி என் இடுப்பைவிட்டு இறங்காது, அண்ணே.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
நர்ஸ் குருவம்மாள்