கழுத்தில் தைத்த கொக்கி

வீடு மாறுவதற்காக நேற்று அலுமாரியை ஒதுக்கியபோது உன் வெள்ளைச் சமையல் சட்டை கையில் அகப்பட்டது. இரண்டு வருஷமாகியும் அதிலிருந்து வெங்காய மணம் போகவில்லை. கழுத்தடியில் நீ கறுப்பு நூலால் தைத்த கொக்கியும் அப்படியே இருந்தது. மற்றப் பிள்ளைகளின் சட்டைகளில் பொத்தான் மட்டும்தான்.

வென்ட்வேர்த்வில்லில் நாம் பங்கு போட்டு இருந்த வீட்டின் குசினிக் கதிரையில் இருந்துதான் அதைத் தைத்தாய். பரமட்டாவில் நீ சமையல் படித்த கல்லூரியில்தான் எனக்கு வரவேற்பு மேசையில் வேலை. உங்களுக்குப் படிப்பித்த அந்த மனுஷன், கழுத்துப் பட்டியைச் சரிசெய்கிறேன் என்று பெண்பிள்ளைகள் மேல் கை வைப்பார். கை கழுத்தோடு நிற்காது. சரிசெய்ய ஒன்றுமே இருக்கக்கூடாது என்று நீ கொக்கி வைத்தாய். அடுத்த வகுப்பில் அவர் அதைக் கழற்றிப் பார்த்தார். அன்றைக்கே நீ முறைப்பாடு எழுதிக் கொடுத்தாய்.

கல்லூரி முகாமையாளர் உன்னைத் தன் அறையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, பூப்போலப் பேசினார். உன் நிம்மதிக்காக, விசாரணை முடியும்வரை வகுப்புக்கு வரவேண்டாம் என்றார். அறைக்கதவு திறந்திருந்தது. என் மேசை அதற்கு நேர் வெளியே. நீ வெளியே வந்து என்னிடம் மெல்லக் கேட்டாய்.

"இதை எழுத்தில தரச் சொல்லிக் கேக்கட்டே?"

"வேண்டாமடி. நாங்கள் நம்பேல்லை எண்டு நினைப்பினம். எவ்வளவு மரியாதையாக் கதைச்சவர்."

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தேத்தண்ணி தந்தவரிடம் கடிதம் கேட்பது மரியாதைக் குறைவு என்று எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் தோன்றும்.

வரவு பதிவதும் என் வேலைதான். உன் பெயருக்கு நேரே என்ன போடுவது என்று முகாமையாளரிடம் கேட்டேன். வராதவள் வராதவள்தானே என்றார். ஆறு கிழமை என் கையாலேயே "வரவில்லை" என்று பதிந்தேன். பிறகு திருத்துவார் என்று நம்பினேன் என்றால் அது பாதிப் பொய். மீதி பயம். அந்தக் கல்லூரி கையெழுத்துப் போட்டுத்தான் என் விசா ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மனுஷன் அவ்வளவு நாளும் வகுப்பு எடுத்தார். விசாரணை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. ஆதாரம் போதாதாம். உனக்கு வந்த கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிதான். மீதியெல்லாம் உன் வரவு எண்பது வீதத்துக்குக் கீழே போனது பற்றியும், அதைக் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிப்பது பற்றியும்.

நீ மேன்முறையீடு செய்தாய். வரவேண்டாம் என்று தான் சொல்லவே இல்லை என்றார் முகாமையாளர். நீ என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாய். நான் கீழே பார்த்துக்கொண்டு, அப்போது தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும் ரயில் வெஸ்ட்மீட்டைத் தாண்டியது. நீ ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாய்.

"உனக்கும் விசா இருக்குத்தானே."

நீ திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனதை ஆற்றியிருப்பேன்.

மாணவர் விசா ரத்தாகி ஊருக்கு, மன்னாருக்குப் போன அன்று இந்தச் சட்டையை மடித்து என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாய். போன வருஷம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது என்று உன் தங்கச்சி போனில் அழுதாள். அவளிடமும் என் பொய்யை மறைத்தேன்.

பிறகு விசாவோடு வேறு வேலைக்கு மாறினேன்; இரண்டு மாதத்துக்கு முன் எனக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தது. வீரம் அன்றைக்குத்தான் வந்தது. முகாமையாளர் சொன்னதை என் காதால் கேட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனேன். அதற்குள் கல்லூரியை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் பல் வைத்தியர் இருக்கிறார். அந்த மனுஷன் மெல்பேர்னில் வேறொரு கல்லூரியில் படிப்பிக்கிறார் என்று அறிந்து, உன் முறைப்பாட்டின் விபரத்தையும் சேர்த்து அங்கே அனுப்பினேன். மிகவும் மரியாதையான பதில் வந்தது, இந்த முறை எழுத்தில். பாதிக்கப்பட்டவர் நேரடியாக முறையிட்டால் மட்டுமே விசாரிக்க முடியுமாம்.

அந்தக் கடிதத்தை உன் சட்டைப் பையில் வைத்து மடித்திருக்கிறேன். புதுவீட்டுக்கும் கொண்டுபோகிறேன். அன்று ரயிலில் நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது வெறும் அறையில் நின்று சொல்கிறேன்: கதவு திறந்துதான் இருந்தது. நான் கேட்டனான்.