அண்ணன் பெயரில் ஒரு வளைவு

ஞாயிறு, இரவு.

பஜார் தெரு முனையில் இன்று காலமான என் அண்ணன் பெயரில் அலங்கார வளைவு திறந்தார்கள். எங்கள் தெருப் பிணமும் பஜார் வழியாகத்தான் சுடுகாடு போகும் என்று வழக்குப் போட்டு ஜெயித்தவர் அவர். ஊருக்கு நன்றி சொல்லும் பேச்சு என்னுடையது. ஆம்பூரே அழுதது. ராணிப்பேட்டையிலிருந்துகூட வந்து அழுதார்கள். மைக் செட்டுக்காரன் ஒயரைப் பிடித்துக்கொண்டு தேம்பினான்.

ஆனால் வளைவு கட்டிக்கொடுத்தவர்கள், அன்றைக்குப் பாடையை மறித்து நின்றவர்களின் பிள்ளைகள். எனக்கே இரண்டு மாலை போட்டார்கள். பாசம் இவ்வளவு ஜாஸ்தியானால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சாப்பிடும்போது அண்ணன் சம்சாரம் கேட்டார். "இன்னா பேச்சாளரே, வளைவு இன்னாத்துக்கு இவ்ளோ குட்டையா கீது? நான் செத்தா பூப்பல்லக்கு அதுல நுழையுமா?"

"அத அப்ப பாத்துக்கலாம் அண்ணி."

"அப்ப பாக்க நான் இருக்க மாட்டேன்பா. நீ இப்பவே பாரு."

பாதிச் சோற்றில் கை கழுவினேன். காலையில் பூப்பல்லக்கு உயரத்துக்கு வெட்டிய மூங்கிலோடு போய் உயரம் பார்க்கப் போகிறேன். மூங்கில் முட்டட்டும், கொடுத்த நன்றியை அதே மைக்கில் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.