ஆஸ்பத்திரிக்குப் போகாத மேசை

மார்ச் 6

அன்புள்ள ஊசிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். மூன்று வாரமாக அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். உன் தங்கை வீட்டு முகவரியை நம் கம்பெனி ஸ்டோர்காரரை மிரட்டி வாங்கினேன்.

பதினெட்டு வருஷம் என் கம்பெனியில் பைகளுக்கு ஜிப் தைத்து 'ஊசி' என்றே பேர் வாங்கியவள், "தங்கச்சி வீட்டுல கொஞ்ச நாள் இருக்கப் போறேன்" என்று துண்டுச் சீட்டு வைத்துவிட்டா போவது? நான் என்ன தப்பு செய்தேன்? உன் இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவள் பள்ளிப் பைகளுக்கு ஜிப்பைத் தலைகீழாகத் தைத்துத் தள்ளுகிறாள்.

ஒரு நல்ல செய்தி. போன வருஷம் இன்சூரன்ஸ்காரர் வந்து, "உங்க ஆளுங்க ரொம்ப ஆஸ்பத்திரிக்குப் போறாங்க மேடம், கட்டணம் மூணுல ஒரு பங்கு ஏறும்" என்றபோது நான் கலங்கிப்போனது உனக்குத் தெரியும். உங்கள் குடும்பத்தாரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவதா, உங்கள் சம்பளத்தில் பிடிப்பதா என்று தவித்துத்தான் அந்தப் பரிசை அறிவித்தேன். வருஷம் முழுக்க இன்சூரன்ஸில் கைவைக்காத மேசைக்கு, எட்டுப் பேருக்கும் அரை மாதச் சம்பளம். பலித்துவிட்டது! கட்டணம் ஏறவே இல்லை. ஜெயித்தது உங்கள் ஜிப் மேசை! அறிவிப்புப் பலகையில் 'ஆஸ்பத்திரிக்குப் போகாத மேசை' என்று எழுதி, எட்டுப் பேர் படத்தையும் ஒட்டியிருக்கிறேன். உன் பங்கு என்னிடம் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்.

உன்மேல் கோபமாக இருக்கும்,
அக்கா


மார்ச் 15

அன்பு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்து இன்னமும் கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது.

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. தங்கை வீடு இரண்டாவது மாடி. நான் கீழே இறங்குவதில்லை. தெருவை மேலிருந்தே அதிகாரம் செய்கிறேன். காய்கறி வண்டிக்காரர் என் தலையைப் பார்த்தால் தராசை நேராகப் பிடிக்கிறார். தங்கை புதுச் செருப்பு வாங்கி வந்தாள். வலது கால் கச்சிதமாக இருக்கிறது. இடது இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது.

என் பங்கை மற்ற ஏழு பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். படத்திலிருந்து என்னை எடுத்துவிட்டால் நல்லது. புதிதாக வந்தவளைத் திட்டாதீர்கள். அந்த மூலையில் வெளிச்சம் போதாது.

ஊசி


மார்ச் 21

ஊசி,

இடது செருப்பு ஏன் பெட்டியில் இருக்கிறது?

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு வேளையில் ஜிப் மேசைக்குப் போனேன். கேட்டதும் ஏழு பேரும் தட்டையே பார்த்தார்கள். கடைசியில் குடை ரிப்பேர்காரர் மனைவி அழுதுவிட்டாள். "நவம்பர்லயே நொண்டினாங்க மேடம். டாக்டர்கிட்ட போய்க் காட்டுங்கக்கான்னு சொன்னோம். ஆனா ரெண்டாவது தடவை யாரும் சொல்லலை" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொன்ன விதம் எனக்குள்ளேயே நிற்கிறது.

பிறகு மற்ற மேசைகளிலும் விசாரித்தேன். இஸ்திரி போடுகிறவர் நான்கு மாதமாக இருமலை அடக்கிக்கொண்டிருக்கிறாராம். முதலுதவிப் பெட்டிக்கு வலி மாத்திரை போன வருஷத்தைப்போல மூன்று மடங்கு வாங்கியிருப்பதாக ஸ்டோர்காரர் சொல்கிறார். ஆட்கள் ஆரோக்கியமாகிவிட்டார்கள் என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்தேனே! வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? காலுக்கு என்ன ஆயிற்று? உள்ளதை எழுது.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

உள்ளதை எழுதுகிறேன். படித்துவிட்டு அழக்கூடாது, நான் அழுது முடித்துவிட்டேன்.

அக்டோபரில் செருப்பு கடித்து ஒரு சின்னக் கொப்புளம். ஆறவில்லை. உப்புத் தண்ணீரில் கழுவித் துணி சுற்றிக்கொண்டு வந்தேன். எனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாது. அதற்கு முன்னால் யார் பார்த்தார்கள்? டாக்டரிடம் போனால் அரை நாள் சம்பளம் போகும். போய் பில் போட்டால் ஏழு பேரின் பரிசும் போகும். குடை ரிப்பேர்காரருக்கு மழை இல்லாத மாதத்தில் வேலை இல்லை. அவர் மனைவி அந்தப் பணத்தை ஆகஸ்டிலேயே மனதுக்குள் செலவழித்துவிட்டாள். என் காலை ஏழு பேரும் பார்த்தார்கள் அக்கா. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அந்த மேசையில் பதினெட்டு வருஷத்தில் நான் தனியாக உட்கார்ந்தது அந்த நான்கு மாதம்தான்.

பிப்ரவரியில் விரல் கறுத்துவிட்டது. அப்போதுகூட நம் இன்சூரன்ஸில் போகவில்லை. இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். இரண்டு விரலை எடுத்தார்கள். "நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா ஒரு களிம்போட போயிருக்கும்மா" என்றார் டாக்டர்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். அந்தப் பரிசைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உங்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. உங்கள் மேலும்தான்.

ஊசி


மே 9

ஊசிக்கு,

ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. மன்னிப்புக் கேட்டு நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஏதாவது உருப்படியாகச் செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

பலகையைக் கழற்றிவிட்டேன். எல்லோரையும் கூட்டி, பரிசு என் முட்டாள்தனம் என்று சொன்னேன். டாக்டரிடம் போகிற இரண்டு மணி நேரத்துக்கு இனிமேல் சம்பளம் பிடிப்பதில்லை. ஸ்டோர் ரூமில் பாதியைக் காலி செய்திருக்கிறேன். அங்கே செவ்வாய், வெள்ளியில் ஒரு நர்ஸம்மா வருகிறார். பழைய பில்களை எல்லாம் இன்சூரன்ஸ்காரரோடு உட்கார்ந்து புரட்டினேன். பாதி பில் அந்தக் கண்ணாடிக் கட்டட ஆஸ்பத்திரியில் இருந்து! அதே வைத்தியத்துக்குப் பஸ் நிலையத்துப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி பாதிதான் வாங்குகிறது. யாராவது ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் நம் ஆட்கள் அங்கே போயிருப்பார்கள். இத்தனை வருஷம் நான் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பயந்திருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. கட்டணம் கொஞ்சம் ஏறத்தான் போகிறது. புது மெஷின் அடுத்த வருஷம் வாங்கிக்கொள்கிறேன்.

முதல் வாரம் அறுபத்தொரு பேரையும் நர்ஸம்மா பார்த்தார். தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் ஆறு பேர். ஆறாவது ஆள் நான்.

நீ திரும்பி வா. ஜிப் மேசைக்கு வேண்டாம். நர்ஸம்மாவோடு உட்கார். அவர் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் எல்லோரும் "நல்லாயிருக்கேன்" என்கிறார்கள். உன்னிடம் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. முழுச் சம்பளம். வருவாயா?

அக்கா


மே 17

அன்பு அக்காவுக்கு,

வருகிறேன். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். படி இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் வரும். அதையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன். குடை ரிப்பேர்காரர் மனைவியை யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? "எல்லாம் சரியா இருக்கு" என்று எழுதித் தப்பிக்க வேண்டாம்.

ஒரு நிபந்தனை. வருகிற செவ்வாய்க்கிழமை நான் வந்ததும், முதல் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். எல்லோரும் பார்க்கச் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் என்னிடம் காட்டுங்கள். விரல் விரலாகப் பார்ப்பேன். கூச்சப்படக் கூடாது. நீங்கள் காட்டினால்தான் மற்றவர்கள் காட்டுவார்கள்.

ஊசி