கறுப்புத் தாளைப் பிரித்தது நான்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற லிப்ட் மெக்கானிக்கின் மனைவி,
மூன்றாம் மாடி, பின்பக்க வீடு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நரம்பு நோய் ஆய்வுக்கூடம்.

பொருள்: என் கணவரின் தோல் மாதிரியை மறுபடி எடுத்துச் சோதிக்கவும், ஆய்வக உதவியாளருக்குத் தந்த மெமோவைத் திரும்பப் பெறவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவருக்கு வயது அறுபத்தெட்டு. இரண்டு ஆண்டுகளாகக் கை நடுங்குகிறது; ஆள் அடையாளம் தவறுகிறது. என்னைப் பார்த்தே, "ஏம்மா, எங்க வீட்டுக்காரி எப்ப வருவா?" என்று கேட்கிறார். "இப்ப வந்துடுவாங்க, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிப் பழகிவிட்டேன். என்னை இன்னாரென்று அறிந்த நாட்களை நோட்டில் குறித்து வருகிறேன். ஆறு மாதத்துக்கு முன் பத்தொன்பது நாள். சென்ற மாதம் நான்கு.

2. அவர் கழுத்திலும் கணுக்காலிலும் பயறளவு தோல் எடுத்தார்கள். டாக்டர் சந்தேகப்பட்ட நோய் இருந்தால், ஒரு கெட்ட புரதம் அங்கே நரம்பில் படிந்திருக்குமாம்; அதைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும் சாயம் ஒன்று உண்டாம். மருத்துவமனையில் அந்தச் சாயத்தைப் பூசினார்கள். அதைப் பார்க்கும் நுண்ணோக்கி தங்களிடம்தான் இருக்கிறது. அன்று சனிக்கிழமை, மாதிரி எடுத்துச் செல்லும் வண்டி ரிப்பேர். மருத்துவமனையில் மாதிரி வாங்கும் தங்கள் ஆய்வக உதவியாளரான பெண், "நீங்களே பத்திரமா வச்சிருந்து திங்கக்கிழமை குடுத்துடுங்கம்மா" என்று கறுப்புத் தாள் சுற்றிய பெட்டியை என்னிடம் தந்தார்.

3. மேலே "ஒளி உணர்திறன் மிக்கது" என்று அச்சிட்டிருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்; மற்றதெல்லாம் நானாகப் படித்தது. உணர்திறன் மிக்கது என்றால் நல்லதுதானே என்று எடுத்துக்கொண்டேன். ஒளியை உணரக்கூடியதை இருட்டில் கட்டிவைப்பானேன் என்று தாளைப் பிரித்து, கண்ணாடித் தகடுகளைச் சாமி அலமாரியில், விளக்குக்கும் ஜன்னலுக்கும் நடுவே, இரண்டு நாள் வைத்து வேண்டிக்கொண்டேன். திங்களன்று பழையபடி சுற்றிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

4. "ஒளிர்வு இல்லை" என்று முடிவு வந்தது. அந்த நோய் இல்லை என்று அர்த்தமாம். கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினால், "உக்காருங்கம்மா, அவ வந்ததும் காபி போடுவா" என்கிறார் இவர். ஒளிர்ந்தவர்களை மட்டுமே புது மருந்து ஆய்வில் சேர்ப்பார்கள் என்று அதன்பிறகே டாக்டர் சொன்னார். சந்தேகம் தட்டியது. நூலகத்தில் உட்கார்ந்து படித்ததில், வெளிச்சம் பட்டால் அந்தச் சாயம் வெளுத்துப்போகும் என்று தெரிந்தது.

5. நடந்ததை எழுதி மறுசோதனை கேட்டேன். ஒருவருக்கு ஒருமுறைதான் என்று தங்கள் அலுவலகம் பதில் போட்டது. கூடவே அந்தப் பெண்ணுக்கு மெமோவும் போயிருக்கிறது. பிசகு என்னுடையது. அவர் வேலைக்கு உலை வைக்க வேண்டாம். "வெளிச்சம் படக்கூடாது" என்று அச்சிட்டிருந்தால் நான் தொட்டே இருக்கமாட்டேன் என்பதையும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

6. ஆய்வில் பெயர் சேர்க்க இன்னும் பதினோரு நாளே இருக்கிறது. இம்முறை ஒளிர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். கணவனுக்கு நோய் தெரிய வேண்டும் என்று கேட்பவளைக் கடவுள் என்ன நினைப்பாரோ, அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. இந்த மருந்து குணமாக்காது, போகிற வேகத்தை ஒருவேளை குறைக்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். அந்த ஒருவேளைக்காக, தாங்கள் எந்த நாள், எத்தனை மணி என்று சொன்னாலும் அவரைக் கைபிடித்து அழைத்து வருகிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
நோயாளியின் மனைவி

நாள்: பதினேழாம் தேதி, வியாழன்
இடம்: வீடு