மேசைக்கு எவ்வளவு உயரம்

என்னங்க,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவரும் உங்கள் தம்பி ராபினிடம் இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

விபத்துக்கு முன் கொட்டகையில் நீங்கள் பாதியில் விட்ட தச்சு மேசையை நானும் அவனும் முடித்துவிட்டோம். இலுப்பூரில் வாங்கிய வேப்பம்பலகையைத்தான் மேலே போட்டோம். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முடிந்த மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் ராபினிடம் ரம்பத்தைக் கொடுத்து, மேசையின் கால்களைக் குறைக்கச் சொன்னேன்.

"அண்ணன் நின்னுதானே இழைக்கும்? வெட்ட வேணாம் மதினி," என்று அழுதுவிட்டான்.

"இப்ப ஒக்காந்து இழைக்கட்டும். எந்திரிச்சு நிக்கிற அன்னிக்கு அடியில கட்டை வச்சு ஒசத்திக்குவோம்," என்றேன்.

வெட்டினான்.

சக்கர நாற்காலி உள்ளே வருவதற்காகக் கொட்டகைப் படியையும் இடித்துச் சரிவாகப் பூசிவிட்டேன். இன்னும் எதை இடிக்கலாம் என்று வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி