வெறும் சுவரை எடுக்கக் கூடாது

6 பிப்ரவரி 2010, சனி

பழைய கேமரா இன்று மூன்று முறை தானாக அணைந்தது. பேட்டரி மூடி நிற்பதில்லை, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறேன். பேட்டரி நழுவினால் போதும், அதன் தேதி 1.1.2002-க்குத் திரும்பிவிடும். திருத்தித் திருத்தி அலுத்து, ஒரு வருஷத்துக்கு மேலாக அப்படியே விட்டுவிட்டேன். அதன் கணக்கில் சுனாமி இன்னும் வரவில்லை. கச்சால் தீவில் எங்கள் வீடு நிற்கிறது.

புதியது வாங்கப்போகிறேன். சும்மா உருகிக்கொண்டிருக்க முடியாது.

9 பிப்ரவரி

கான்ட்ராக்டரின் ஆள் பாம்பூஃப்ளாட்டுக்கு, எங்கள் மேட்டுக்கு வந்தான். சுனாமி வீடு என்று பெயர் வைத்துக் கட்டிக்கொடுத்த பதினோரு வீட்டிலும் விரிசல். முதல் வருஷத்தில் வந்த விரிசல் என்றால் அவர்களே சரிசெய்ய வேண்டும். அந்த வருஷம் போன மாதத்தோடு முடிந்தது. அதனால் இப்போது புதுக் கதை: பொங்கலுக்கு நாங்கள் சமையலுக்குத் தகரக் கூரை இறக்கிச் சுவரில் ஆணி அடித்தோமாம், அதில் வெடித்ததாம். 24-ம் தேதி இன்ஜினியர் வருகிறார், ஆதாரம் இருந்தால் காட்டுங்கள் என்றான். விரிசலுக்குள் என் இரண்டு விரலை விட்டுக் காட்டினேன். வேறு பக்கம் பார்த்தான்.

ஆதாரம் இருக்கிறது. பக்கத்து வீட்டு சொர்ணம்மா அக்காவின் ஜன்னலோரச் சுவரைப் போன பிப்ரவரியிலிருந்து எடுத்துவருகிறேன். ஆறு படம். ஒன்றிலும் சுவர் தனியாக இல்லை, அக்கா விடவில்லை. "வெறுஞ் சுவத்த எடுக்கக் கூடாது புள்ள. ஆளில்லாத வீடுன்னு ஆயிரும்." கச்சாலில் அலைக்குப் பிறகு மெயின்லேண்டிலிருந்து வந்தவர்கள் வெறும் சுவர்களாக எடுத்துத் தள்ளினார்கள். அந்த வீட்டுக்காரர்கள் யாரும் திரும்பவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கு இது ஒரு சட்டம். நான் எப்போது கேமராவைத் தூக்கினாலும் அக்கா ஓடிவந்து குழந்தை சுதாவோடு சுவரடியில் உட்கார்ந்துவிடுவாள். எரிச்சலாக வரும். படமும் கெடும்.

13 பிப்ரவரி

வாங்கிவிட்டேன். பன்னிரண்டு மெகாபிக்சல். பழையது மூன்றுதான். சாத்தம் துறையிலிருந்து ஃபெர்ரியில் திரும்பும்போதே பத்துப் படம் எடுத்தேன். தண்ணீரில் மிதந்த டீசல் படலம்கூடத் தெளிவாக விழுகிறது.

இதில் ஒரு வசதியாம். எதிரே இருப்பவர் சிரித்தால்தான் எடுக்கும். 2005-ல் நிவாரண முகாமுக்குப் படமெடுக்க வந்த பையன் என் அம்மாவைக் கொஞ்சம் அழச் சொன்னான். எனக்குப் பத்தொன்பது வயது. "நீங்க எடுத்தது போதும். அதை இங்க வச்சிட்டுப் போங்க" என்றேன். என்ன நினைத்தானோ, நிஜமாகவே வைத்துவிட்டுப் போனான். அதுதான் பழைய கேமரா. ஐந்து வருஷம் என்னோடு இருந்தது, எங்களில் யாரையும் அழவோ சிரிக்கவோ சொன்னதில்லை.

அந்தச் சிரிப்பு வசதியை அணைத்துவிட்டேன்.

15 பிப்ரவரி

நான் வேலை செய்யும் போட்டோக் கடையில் ஆறு படத்தையும் பிரின்ட் போட்டேன். ஓரத்தில் ஆரஞ்சு எழுத்தில் ஆறிலும் 1.1.2002.

எப்படி மறந்தேன்? முட்டாள். படுமுட்டாள். அதைத் திருத்த ஒரு நிமிஷம் ஆகுமா?

கடையில் என்னோடு வேலை பார்க்கும் ஜெரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "ஏ சுகுணா, இதுக்கா மூஞ்ச தூக்கி வச்சிருக்க? கம்ப்யூட்டர்ல அஞ்சு நிமிஷம். 2009 ஆக்கிருவோம். எவன் பாக்கப் போறான்?"

செய்யத் தெரியும். அவனைவிட நன்றாகச் செய்வேன்.

16 பிப்ரவரி

செய்யவில்லை. பொய் சொல்லிப் பிழைப்பது அவர்கள். நாளைக்கு ஒருத்தன் கண்டுபிடித்தால் பதினோரு வீட்டு விரிசலும் என்னால் பொய்யாகிவிடும்.

அப்போ என்னதான் செய்யப் போறேன்? தெரியல.

19 பிப்ரவரி

சொர்ணம்மா அக்காவிடம் தேதித் தவறை ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். படங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சுவரைப் பார்க்கவே இல்லை. "இங்க பாரு, இதுல கழுத்தே நிக்கல. இதுல குப்புற விழுந்துட்டா. இது பல்லு வந்தப்ப, காச்சலோட உக்காந்திருந்தாளே..."

நான் படங்களைப் பிடுங்கிக்கொண்டேன். சுதாவின் பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். அரிசி டின்னில், பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. 20 ஜனவரி 2009.

24 பிப்ரவரி

எதிர்பார்த்தபடியே, படத்தின் தேதியைப் பார்த்துக் கான்ட்ராக்டரின் ஆள்தான் முதலில் சிரித்தான். 2002-ல் இந்த மேடு காடாக இருந்தது மேடம் என்றான். ஆமாம், காடாகத்தான் இருந்தது, இந்தப் பிள்ளையும் பிறக்கவில்லை என்றேன். ஆறு படத்தையும் சான்றிதழையும் தரையில் வரிசையாக வைத்தேன். இன்ஜினியரிடம் ஹிந்தியில் சொன்னேன்: "தேதியை விடுங்க சார். பிள்ளையப் பாருங்க."

முதல் படத்தில் ஒரு மாதக் குழந்தை, தலைக்கு மேலே சாண் நீள விரிசல். கடைசிப் படம் அக்டோபர். சுதா உட்கார்ந்திருக்கிறாள், விரிசல் தரையைத் தொட்டுவிட்டது. தகரமும் இல்லை, ஆணியும் இல்லை.

அவர் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் கையில் எடுத்தார். குழந்தை எங்கே என்று கேட்டார். அக்கா இறக்கிவிட்டாள். சுதா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விரிசலில் விரலை விட்டாள், ஒரு துண்டுச் சாந்தைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டாள். இன்ஜினியரே குனிந்து அதை வெளியே எடுத்தார். கையிலிருந்த சாந்தை விரலால் நசுக்கினார். மாவாக உதிர்ந்தது.

கான்ட்ராக்டரின் ஆளைக் கூப்பிட்டு அவன் உள்ளங்கையில் கொட்டினார். பிறகு கான்ட்ராக்டரே சரிசெய்ய வேண்டும் என்று எழுதினார். பதினோரு வீட்டுக்கும்.

புதுக் கேமராவில் சுதா நிற்பதை எடுத்துக்கொண்டேன். ஏழாவது படம்.

25 பிப்ரவரி

எழுதிவிட்டார் என்பதற்காக நம்பிவிட மாட்டேன். நகல் வாங்கியாயிற்று.

10 ஏப்ரல்

ஆறு வாரம் ஆனது, நான்கு முறை ஆபீஸுக்கு நடந்தேன். இன்று கடைசி வீட்டுப் பூச்சும் முடிந்தது. கொத்தனார் சிமென்ட் கலந்ததைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டாம்.

பழைய கேமராவின் பேட்டரியைக் கழற்றி, துணியில் சுற்றி, அரிசி டின்னுக்குள் வைக்கக் கொடுத்தேன். சொர்ணம்மா அக்கா சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு புதுக் கேமராவோடு ஜன்னலோரச் சுவர் முன்னால் நின்றேன். ஈரம் காய்ந்து வழவழவென்று இருந்தது. தேதி சரியாக விழுகிறது, இனி சாட்சிக்கு ஆள் வேண்டியதில்லை. பட்டனைப் பாதி அழுத்திவிட்டேன்.

கையை இறக்கி, உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன்: "அக்கா, புள்ளையத் தூக்கிட்டு வாங்க."